ஸ்விஃப்டை எவ்வளவு இறக்கலாம்?

மாருதி ஸ்விஃப்ட் காரின் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உயரத்தைக் குறைக்க வேண்டும், 30 மி.மீ.யா 50 மி.மீ.யா என்று கேட்டிருக்கிறீர்கள். 30-க்கு மேல் போகாதீர்கள் நண்பரே. அதுவும் பின் சீட்டில் ஆள் ஏறும் வண்டி என்றால் 25 போதும்.

2018 ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ. அதுவும் காலி வண்டிக்கு. 50 குறைத்தால் மிச்சம் 113. விதிப்படி கட்டிய வேகத்தடையே 100 மி.மீ. உயரம். நம் தெருவில் ராவோடு ராவாகப் போடுகிறார்களே, அதற்கு விதியாவது ஒன்றாவது!

முதலில் இதைச் செய்து பாருங்கள். முன்பக்க ஷாக் அப்சார்பரின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, உள்ளே தெரியும் ராடின் (கம்பியின்) அடியில் ஒரு கேபிள் டையைக் கட்டுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு வழக்கமான வழியில் ஓட்டுங்கள். டை மேலே தள்ளப்பட்டிருக்கும். அதற்கும் மேலே உள்ள பம்ப் ஸ்டாப்புக்கும் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) நடுவே மிஞ்சும் இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. அதைத் தாண்டி இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டங்’ என்று இடிக்கும்.

மெக்கானிக் ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்கிறாரா? வேண்டவே வேண்டாம். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது வெட்டிய ஸ்பிரிங் அது உட்காரும் இடத்திலிருந்து நழுவும். செட்டாக வரும் லோயரிங் ஸ்பிரிங் வாங்குங்கள். மாட்டியபின் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும்.

அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிட்டுக் காசைப் போடுங்கள்.