டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆட்டங்களில் நல்லது கெட்டதை எப்படிக் கையாள்வது?

"ஆர்க், கோப்ளின் எல்லாம் கெட்ட இனம் என்று புத்தகம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் குழுவில் இதனால் சண்டை வருகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். (ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை இது. ஆர்க்கும் கோப்ளினும் அதில் வரும் கற்பனை இனங்கள், புத்தகம் என்பது ஆட்டத்தின் விதிப் புத்தகம்.) எங்கள் மாடியில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது புரியும்.

மதுரை கோ.புதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஆடுகிறோம். ஆடுவது ஐந்து பேர், நான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். அன்றைய கதைக்கு நாகமலை போல நீளமாகப் படுத்துக் கிடக்கும் ஒரு குன்று, அதில் ஒரு குகை. வணிகர் வண்டிகளை வழிமறிக்கும் ஆர்க் கூட்டம் அங்கே இருக்கிறது, ஒழித்தால் ஊர்ச்சபை பொற்காசு தரும். சண்டை நன்றாகவே போனது. உள்ளறையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். குகையில் குடியிருந்தால் குடும்பமும் இருக்குமே என்று, முன்யோசனை இல்லாமல், எட்டுக் குழந்தைகளும் ஒரு கிழவியும் என்று சொல்லிவிட்டேன்.

பாலடினாக, அதாவது அறத்துக்காகச் சண்டை போடும் வீரனாக, ஆடிய நண்பன், "ஈவில்னுதான புத்தகத்துல போட்டிருக்கு. வளர்ந்தா அதுகளும் அதையேதான் செய்யும், முடிச்சிடுறேன்" என்று பகடையைக் கையில் எடுத்தான். எதிரே உட்கார்ந்திருந்தவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். "மாப்ள, எங்க அப்பாவோட தாத்தாவையும் பொறக்கும்போதே இப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க" என்றான்.

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களைப் பதிவு செய்யக் கைரேகை எடுத்தார்கள். அதனால் எங்கள் பக்கம் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். ராத்திரியானால் ஆண்கள் சாவடியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். யார் என்ன செய்தார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை, எந்த வீட்டில் பிறந்தார் என்பது போதும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான்.

பாலடின் ஆடியவன் பகடையைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கு அதற்கு மேல் யாருக்கும் ஆட மனம் வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்ததும் அவன்தான். "அந்தக் கிழவிகிட்ட பேசலாமா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலிருந்து எங்களுக்கு நான்கு வாரக் கதை கிடைத்தது. வணிகர்கள் போட்ட பாதை கூட்டத்தின் ஊற்றை மறித்துவிட்டது, தண்ணீருக்கு வந்தவர்களை விரட்டினார்கள், அதன் பிறகே வழிப்பறி. அதற்காக ஆர்க்குகளை நான் வெள்ளையடிக்கவும் இல்லை. அவர்கள் ஒரு வண்டிக்காரரைக் கொன்றிருந்தார்கள். அவர் மனைவி ஊர்ச்சபையில் நின்று நியாயம் கேட்டாள். கிழவி சொன்னதையும் இவள் கேட்டதையும் சுமந்துகொண்டு பாலடின் குன்றுக்கும் ஊருக்குமாக நடந்தான். எங்கள் மேஜையில் அதற்கு இணையான ஆட்டம் இன்னும் நடக்கவில்லை.

யார் நல்லவர், யார் கெட்டவர் என்று குறிப்பதற்கு ஆட்டத்தில் அலைன்மென்ட் என்று பெயர். புத்தகங்களே இந்த விஷயத்தில் ஒரே பேச்சாக இருந்ததில்லை. 1974-இல் வந்த முதல் பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே தரப்புகள். நல்லது, நடுநிலை, கெட்டது என்ற இன்னொரு வரிசையும் சேர்ந்து ஒன்பது கட்டமானது அதன் பிறகு. 2008-இல் ஐந்தாகச் சுருக்கி, 2014-இல் மறுபடி ஒன்பதாக்கினார்கள். ஆர்க்கையே பாருங்கள். 1977-இல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தீமை, அதாவது லாஃபுல் ஈவில். 2000-இல் வந்த பதிப்பில் கேயாட்டிக் ஈவில், அதாவது எதற்கும் கட்டுப்படாத தீமை. எழுதினவர்களே மாற்றிக்கொண்டதை நாம் ஏன் வேதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்? ஆட்டத்தில் வரும் உயிரினங்களைப் பட்டியல் போடும் 2014 மான்ஸ்டர் மேனுவலிலேயே, போட்டிருக்கும் அலைன்மென்டை டிஎம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். அலைன்மென்ட் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. அந்த இடத்தில் ஒரு சத்தியம் எழுதச் சொல்கிறேன்: உன் ஆள் எதை ஒருபோதும் செய்ய மாட்டான்? யோசனை அழகர்கோவிலில் கிடைத்தது. பதினெட்டாம்படிக் கருப்பணசாமி வாசலில் தீராத வழக்கைச் சத்தியத்தில் முடிப்பார்கள். அங்கே நீ நல்லவனா கெட்டவனா என்று யாரும் கேட்பதில்லை. இதைச் செய்தாயா இல்லையா, அவ்வளவுதான். ஆட்டத்தில் சத்தியத்தை மீறினால் நான் தண்டனை தருவதில்லை. யாரிடம் சத்தியம் செய்தானோ அந்த ஆள் கதைக்குள் வந்து நிற்பார். பாதி நேரம் அதுவே தண்டனையை விடக் கனமாக இருக்கிறது.

"என் கேரக்டர் கேயாட்டிக் நியூட்ரல், அப்படித்தான் பண்ணுவான்" என்று கூட இருப்பவனின் பையிலேயே திருடுகிறவர்கள் உண்டு. அதை ஆட்டத்துக்குள் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஆடுகிற ஆளிடமே நேராகப் பேசுங்கள்.

முழுத் தீமையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, யோசிக்காமல் வாள் வீச வருகிறவர் இருக்கிறார். அதில் ஒரு தப்பும் கிடையாது. அவருக்கு எலும்புக்கூடுகளும் நரகத்துப் பேய்களும் இருக்கின்றன. மந்திரவாதி எழுப்பிவிட்ட எலும்புக்கூட்டுக்குக் குகையில் குழந்தை குட்டி கிடையாது.

உங்கள் குழுச் சண்டைக்கு வருகிறேன். சண்டை போடும் இருவரையும் அடுத்த செஷனுக்கு முன்னால் டீக்கடைக்குக் கூட்டிப்போய், இங்கே என்ன ஆட வருகிறாய் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவருக்கு எலும்புக்கூடு போதும், இன்னொருவருக்குக் கிழவியிடம் பேச வேண்டும் என்று தெரியவரலாம். அப்படியானால் அடுத்த குகையில் இரண்டுக்கும் அறை வையுங்கள்.