ஃபயர்ஃபிஷ் விஷ மீனா: ஒரே பேர்ல ரெண்டு மீன் இருக்கு

கோபிங்கற சின்ன மீன் வகை மாதிரி இருக்கிற ஃபயர்ஃபிஷ்ஷுக்கு விஷம் கிடையாது, பயப்படாம மீன் தொட்டில வச்சுக்கலாம். "ஃபயர்ஃபிஷ் முள்ளு குத்தினா விஷம்"னு நீங்க படிச்சதும் பொய் இல்ல, ஆனா அது லயன்ஃபிஷ்ங்கற வேற மீனைப் பத்தினது.

லயன்ஃபிஷ்ஷுக்கு டர்க்கிஃபிஷ், ஸீப்ராஃபிஷ், ஃபயர்ஃபிஷ்னு பல பேர் புழக்கத்துல இருக்கு, அக்வேரியம் ஆளுங்க ஃபயர்ஃபிஷ்னு சொன்னா பெரும்பாலும் நெமடெலியோட்ரிஸ்ங்கற சின்ன மீனைத்தான் சொல்வாங்க, குழப்பம் வந்தது இங்கதான்.

உங்க மீனை ஒருதடவை நல்லா பாருங்க:

1. விரல் நீளம், முன்பக்கம் வெள்ளை, வால்கிட்ட போகப்போக ஆரஞ்சு சிவப்பு, முதுகுல நீளமா ஒரு துடுப்பு நிமிர்ந்து நிக்கும், அதை அடிக்கடி வெடுக்குனு ஆட்டும். இதுக்கு விஷமில்ல.

2. உடம்பு பூரா வரிவரியா, நெஞ்சுத் துடுப்பு விசிறி மாதிரி விரிஞ்சு, முதுகுல 13 முள்ளு இருந்தா லயன்ஃபிஷ். விஷம் முதுகு, அடிவயிறு, குதத் துடுப்பு முள்ளுலதான், பாக்க பயமா இருக்கிற அந்த விசிறித் துடுப்புல இல்ல.

சின்னதா இருக்கேன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க, குட்டி லயன்ஃபிஷ்ஷும் குத்தும். வாங்கும்போது அறிவியல் பேரைக் கேளுங்க, டெரோயிஸ்னு வந்தா லயன்ஃபிஷ். குத்திட்டா, குத்தின இடத்தைத் தாங்கற சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, வெந்நீர்ல 30 நிமிஷமாவது முக்கி வச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க, மூச்சுத் திணறினா வெந்நீருக்குக் காத்திருக்காம உடனே கிளம்புங்க.