முதலில் ரேஸைச் சொல்லுங்கள்: ஸ்டாக் கார் மாடல் கேள்வி பதில்

அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸ்களில் ஓடும் ஸ்டாக் கார்களின் பிளாஸ்டிக் மாடல் கிட்களைக் கட்டுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. பாதிப் பேரிடம் நான் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த வருஷம், எந்த ரேஸ்?

கேள்வி: அண்ணா, ரேஸ் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் கறுப்பு 3-ஆம் நம்பர் காரைச் செய்யப்போகிறேன். ஒரு போட்டோவில் கூரைமேல் மடக்குத் தகடுகள் இருக்கின்றன, இன்னொன்றில் இல்லை. எது சரி?

பதில்: இரண்டும் சரி தம்பி. அந்தக் கறுப்பு நிறம் 1988-இல் வந்து 2001 வரை ஓடியது. கூரைத் தகடுகள் 1994-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய வருஷம் ரஸ்டி வாலஸ் என்ற ஓட்டுநரின் கார் டேடோனா, டல்லடேகா ஆகிய இரண்டு தடங்களிலும் காற்றில் எழும்பி உருண்டது. ரேஸ் வேகத்தில் கார் பின்புறமாகத் திரும்பிவிட்டால் கூரைமேல் ஓடும் காற்று அதைத் தூக்கிவிடும். அப்போது தகடுகள் தாமாக எழுந்து அந்தத் தூக்கலைக் கெடுக்கும். ஆகவே நீங்கள் அவருடைய 1990 செவர்லே லூமினா காரைச் செய்தால் கூரை வழவழப்பாக இருக்கட்டும். 1998 மான்டி கார்லோ என்றால் தகடுகள் வேண்டும். மூடிய நிலையில் அவை மெல்லிய கோடுகளாகத்தான் தெரியும், ஊசிமுனையால் லேசாகக் கீறினால் போதும்.

எதைச் செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், என் ஓட்டு 1998 டேடோனா 500 காருக்குத்தான். இருபதாவது முயற்சியில் அவர் அந்த ரேஸை ஜெயித்த கார் அது. ரேஸுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி கொடுத்த ஒரு சென்ட் காசை அவர் டாஷ்போர்டில் ஒட்டிவைத்திருந்தார். அமெரிக்க சென்ட்டின் விட்டம் 19.05 மில்லிமீட்டர், 1/24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காக, 0.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு பொட்டு வெட்டி, செம்பு நிறம் பூசி ஒட்டுங்கள். கண்ணில் படுவது கஷ்டம்தான், ஆனாலும் இருக்கட்டும். ஜெயித்த பிறகு அவர் உள்மைதானப் புல்லில் காரைச் சுழற்றினார். அதனால் வெற்றிக்குப் பிந்தைய காரைச் செய்கிறவர்கள் சக்கர வளைவுகளிலும் முன் பம்பருக்குக் கீழேயும் கொஞ்சம் மண்ணும் புல்லும் ஒட்டலாம்.

கேள்வி: 1/24-க்கும் 1/25-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? கலந்து கட்டலாமா?

பதில்: 1981 முதல் இந்தக் கார்களின் முன் பின் அச்சுகளுக்கு நடுவே 110 அங்குலம். 1/24-இல் அது 116.4 மில்லிமீட்டர், 1/25-இல் 111.8. கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம். மேல்கூடான பாடியையும் அடிச்சட்டமான சேஸிஸையும் கலந்தால் சக்கரம் வளைவின் நடுவில் நிற்காது. சீட், ஸ்டீயரிங், இன்ஜின் எல்லாம் கலக்கலாம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கிட் கம்பெனிகளில் மோனோகிராமின் கிட்கள் 1/24. ஏஎம்டி, எம்பிசி பெரும்பாலும் 1/25.

கேள்வி: சார், இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வயர் போட ஆசை. எந்த வயர் எங்கே போகும் என்றே புரியவில்லை.

பதில்: முதலில் தடிமன். நிஜ வயர் சுமார் 8 மில்லிமீட்டர். 1/24-இல் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். பழைய இயர்போன் ஒயரைப் பிரித்தால் உள்ளே இந்தத் தடிமனில் ஏதாவது கிடைக்கும். தடித்த வயரைப் போட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் மாதிரி தெரியும்.

அடுத்து இடம். செவர்லே சின்ன பிளாக் வி8 இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம், இன்ஜினின் பின்பக்கம், ஓட்டுநருக்கு அருகில் இருக்கும். ஃபோர்டு 351 இன்ஜினில் முன்பக்கம். கிட்டில் இதை மாற்றி ஒட்டிவிட்டால் வயர் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. சிலிண்டர் எண்ணும் வேறு. செவர்லேயில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம், முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டில் வலப்பக்கம் 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8.

தீப்பொறி வரிசை செவர்லேக்கு 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டு 351-க்கு 1-3-7-2-6-5-4-8. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஓரத்தில் எட்டு சின்னத் துளைகள் போட்டு, இந்த வரிசையில் செவர்லேக்குக் கடிகாரச் சுற்றிலும் 351-க்கு எதிர்ச்சுற்றிலும் செருகிக்கொண்டே வாருங்கள். நடுவில் இன்னொரு துளை, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் வயருக்கு. பானெட்டை மூடி வைப்பவர் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். திறந்து வைப்பவர் பட வேண்டும், ஏனென்றால் பார்க்க வருகிறவர்களில் ஒருத்தர் எண்ணிப் பார்ப்பார்.

வயரின் நிறத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் ரேஸின் போட்டோதான் சொல்லும்.

கேள்வி: சிவப்பு பிளாஸ்டிக்கில் வந்த கிட்டுக்கு வெள்ளை அடித்தேன். இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிவிட்டது!

பதில்: பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் லாக்கர் பெயின்ட்டில் கரைந்து மேலே ஏறுகிறது. இன்னும் பத்துக் கோட் வெள்ளை அடித்தாலும் ஏறும். நடுவே ஒரு கோட் சில்வர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் வெள்ளை.

கேள்வி: நான் சென்னை. மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. பெயின்ட் மோசமா?

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்லாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. ஈரம் குறைந்த நாளில் அடியுங்கள். ஏற்கெனவே பூத்துவிட்டால் மெதுவாக ஆவியாகும் தின்னரை மிக லேசாகத் தூவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: பழைய கிட்டில் டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளடித்துவிட்டது. ஜன்னலில் ஒட்டி வெயில் காட்டச் சொல்கிறார்களே?

பதில்: வேலை செய்யும். தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி, சில நாள் விட்டுப் பாருங்கள். ஆனால் பளீரென்ற ஃப்ளோரசன்ட் சிவப்பு இருந்தால் செய்யாதீர்கள், அந்தச் சாயம் வெயில் தாங்காது. மஞ்சள் போவதற்குள் சிவப்பு போய்விடும். தண்ணீரில் போடுமுன் தேவையில்லாத ஒரு லோகோவை வெட்டிச் சோதியுங்கள். அது துண்டு துண்டானால், முழுத் தாள்மேலும் மைக்ரோஸ்கேலின் டீக்கால் ஃபிலிம் திரவத்தை ஒரு பூச்சு பூசிவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ஒட்டும்போது அடியில் அதே கம்பெனியின் மைக்ரோ செட் திரவம், இடம் சரியானதும் மேலே டீக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவம். சால் போட்டதும் டீக்கால் சுருங்கும். பயந்துபோய்த் தொடாதீர்கள், தானாகப் படியும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் என் கார் பொம்மை மாதிரியே நிற்கிறது. ஏன்?

பதில்: சக்கரங்களைப் பாருங்கள். ஓவல் தடத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால், முன்சக்கரங்கள் இரண்டும் மேற்பக்கம் இடதுபுறமாகச் சாய்ந்திருக்கும். வலச்சக்கரத்தின் தலை உள்ளே, இடச்சக்கரத்தின் தலை வெளியே. கிட்டில் இரண்டும் நேராக நிற்கும். சக்கரம் மாட்டும் முளையை அறுத்து, சில டிகிரி சாய்த்து மறுபடி ஒட்டினால் கார் உடனே மாறிவிடும். டயரின் நடுவே ஓடும் வார்ப்புக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள், ஓடித் தேய்ந்த ரப்பர் நிறமும் கூடவே கிடைக்கும்.

இடப்பக்கக் கதவில் கண்ணாடி ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள். அங்கே வலைதான். அதுவும் 1970 மே மாதம் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டு, அவர் கை வெளியே தொங்கிய பிறகு வந்தது. 1960-களின் கார் என்றால் வலையும் வேண்டாம்.

கேள்வி: சக்கரத்துக்கு ஒரு நட்டா, ஐந்தா?

பதில்: 2022 முதல் ஒன்று. அதற்கு முன் ஐந்து.

கேள்வி: ஐயா, ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் 200-ஆவது வெற்றிக் காரைச் செய்கிறேன். மியூசியம் போட்டோ ஒன்றே போதுமா?

பதில்: 1984 ஜூலை 4, டேடோனா, போன்டியாக் கிராண்ட் பிரீ. கார் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. வடிவத்துக்கும் உட்புறத்துக்கும் மியூசியம் போட்டோ தங்கம். ஆனால் பொதுவாகவே மியூசியக் கார்களில் டயர் மாறியிருக்கலாம், ஸ்டிக்கர் புதிதாக இருக்கலாம், துடைத்துத் துடைத்து ரேஸின் கறை எல்லாம் போயிருக்கும். ஆகவே ஸ்டிக்கர் எங்கே, அழுக்கு எங்கே என்பதற்கு அன்றைய ரேஸ் போட்டோவையே நம்புங்கள். இரண்டும் முரண்பட்டால் ரேஸ் போட்டோ சொல்வதுதான் சரி. போன்டியாக் என்று பெயர் இருந்தாலும் பானெட்டுக்குள் செவர்லே சின்ன பிளாக்தான், எனவே மேலே சொன்ன செவர்லே வரிசையில் வயரைப் போடுங்கள்.