பொதுக் கொள்கையில் இரட்டை முதுகலைப் பட்டம்: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நான் மேலூர்ப் பக்கம். மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு, கண்மாய்ப் பாசனத்தில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். பொதுக் கொள்கையில் இரண்டு நாடுகளில் படித்து இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கும் படிப்புக்குக் கடன் வாங்கிப் போகலாமா?

பதில்: ஒரு வருடச் செலவையாவது வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் போகலாம். இரண்டு வருடமும் வீட்டுப் பத்திரத்தின் மேல்தான் என்றால் ஒரு பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் திருமங்கலத்துக்காரன். முதல் வருடம் சிங்கப்பூரில் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி, அடுத்த வருடம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

இரண்டு பட்டத்துக்கும் தனித்தனியாகப் படித்தால் நான்கு வருடம் வரை ஆகும். கூட்டு ஏற்பாட்டில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வருடம், மொத்தம் இரண்டு வருடம். பாடங்களை இரு பக்கமும் ஏற்றுக்கொள்வதால் இது முடிகிறது. எந்த வருடம் எங்கே படிக்கிறீர்களோ அந்த வருடம் அங்கே கட்டணம். கொலம்பியா, பாரிஸ் சியான்ஸ் போ, பெர்லின் ஹெர்ட்டி, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொள்கைப் பள்ளி ஆகியவையும் தங்களுக்குள் இப்படி இணைப்பு வைத்திருக்கின்றன. சில இணைப்புகளில் ஆரம்பத்திலேயே இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். சிலவற்றில் முதல் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது இடத்துக்குப் போட்டி. அந்தப் போட்டியில் இடம் கிடைக்காமலும் போகலாம். அதனால் முதல் பள்ளியின் பட்டம் மட்டும் கிடைத்தாலும் சரி என்று தோன்றுகிற இடத்தில்தான் சேர வேண்டும்.

செலவைப் பிறகு பார்ப்போம். இரண்டாவது வருடத்தால் என்ன கிடைக்கிறது? சான்றிதழில் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலைக்கு எடுப்பவர்கள் ஒரு பெயரைத்தான் கவனிக்கிறார்கள். அடிப்படைப் பொருளாதாரம், புள்ளியியல் எல்லாம் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். அரசாங்கத்தைப் பற்றி இரண்டு பள்ளிகளும் வேறு வேறாக யோசித்தால்தான் அந்த வருடத்துக்கு மதிப்பு.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் துறை. சிங்கப்பூருக்குச் சொந்த ஆறு என்று பெரிதாக எதுவும் கிடையாது. 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்குள் பெய்யும் மழையைத் தேக்குகிறார்கள், 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று விநியோகிக்கிறார்கள், கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு முல்லைப் பெரியாறுதான் ஓடிக்கொண்டிருந்தது. 1886இல் 999 வருடக் குத்தகை, அணை நிற்பது கேரளத்தில், தண்ணீர் வருவது நமக்கு. சிங்கப்பூர்க்காரர்கள் 2061ஐ முன்வைத்துத் திட்டம் போடுகிறார்கள். நாம் அணையின் நீர்மட்டம் 142 அடியா, 152 அடியா என்று நீதிமன்றத்தில் நிற்கிறோம். அந்த வகுப்புகளில் எதற்கெடுத்தாலும் கேள்வி இதுதான்: செய்து முடிக்கும் திறன் அரசுக்கு இருக்கிறதா, இல்லையென்றால் அதை எப்படி வளர்ப்பது?

லண்டனில் போக்கே வேறு. அங்கே முதலில் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிறார்கள். திட்டத்தால்தான் பலன் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? அது இல்லாமலே வந்திருக்காதா? செலவு யார் தலையில், லாபம் யாருக்கு? பிரிட்டிஷ் நிதித்துறை தன் திட்டங்களை எடைபோட ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, கிரீன் புக் என்பார்கள். வருங்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருடம் 3.5 சதவீதம் கழிக்கச் சொல்கிறது. ஒரு கண்மாயைத் தூர்வாரி முப்பது வருடம் கழித்து 100 ரூபாய் பலன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு கிட்டத்தட்ட 36 ரூபாய். பத்து சதவீதம் வைத்தால் 6 ரூபாய்கூட இல்லை. கண்மாய் அதேதான், கரை அதேதான். விகிதத்தை யார் முடிவுசெய்கிறார் என்பதில் திட்டத்தின் தலையெழுத்து மாறிவிடுகிறது. வண்டியூர்க் கண்மாய்க்கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது, நல்ல பழக்கமா தெரியவில்லை.

தேனி மாவட்டத்து லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாயில் முல்லைப் பெரியாற்றுக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தை இப்போது பார்த்தால் எனக்கு இரண்டு பள்ளியும் சேர்ந்து பேசும். ஒன்று, இவ்வளவு தூரம் குழாய் பதித்துக் கசிவில்லாமல் நடத்த மாநகராட்சியிடம் ஆளும் அமைப்பும் இருக்கிறதா என்று கேட்கும். இன்னொன்று, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்களே, அவர்களுடைய இழப்பு எந்தக் கணக்கில் ஏறியது என்று கேட்கும். ஒரே பள்ளியில் இரண்டு வருடம் இருந்திருந்தால் ஒரு கேள்வியோடு திரும்பியிருப்பேன். ஒரே மாதிரி யோசிக்கும் இரண்டு பள்ளிகளை ஜோடி சேர்ப்பதில் அர்த்தமில்லை என்று சொல்வது இதனால்தான்.

இனி பணம். எங்கள் மாமா கேட்டார், "ஏண்டா மருமகனே, ரெண்டு டிகிரின்னா ரெண்டு சம்பளம் குடுப்பாய்ங்களா?" அதைவிடச் சரியான கேள்வியை எந்த ஆலோசனை மையத்திலும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. 40 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 54,000 ரூபாய்க்கு நெருக்கமாகக் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. ஊருக்குத் திரும்பி உங்களுக்குப் பிடித்த தொண்டு நிறுவன வேலையில் சேர்ந்தால் சம்பளம் அப்படியே வங்கிக்குப் போகும். கடனுக்காகவே பன்னாட்டு ஆலோசனை நிறுவனங்களில் போய் உட்கார்ந்துவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. போனது தப்பில்லை, ஆனால் கண்மாய்க்காகப் படிக்கப் போனவர்கள் அவர்கள்.

வங்கியிலும் ஒரு சிக்கல். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள்: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் அறிக்கை. பூர்வீகச் சொத்தாக இருந்து பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடந்தால் அதை மாற்றவே மாதக்கணக்கில் ஆகும். அதோடு, ஒரே கடன், இரண்டு நாடு, இரண்டு பல்கலைக்கழகம் என்பது நான் போன கிளையில் யாருக்கும் பிடிபடவில்லை. கடன் அனுமதிக் கடிதத்தில் முதல் பள்ளியின் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பிப் போய் இரண்டு பெயரையும், இரண்டு நாணயத்தில் பணம் அனுப்பும் விவரத்தையும் எழுதி வாங்கினேன். நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உதவித்தொகையில், முதல் பள்ளி தருவது இரண்டாவது நாட்டுக்குப் பின்னாலேயே வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். இதற்கு விலக்கு எராஸ்மஸ் முண்டஸ், பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் உதவி. த ஹேக், வியன்னா, யார்க், பார்சிலோனா ஊர்களில் உள்ள நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் முண்டஸ் மேப் என்ற பொதுக் கொள்கைப் படிப்பு அந்த வகை. அதன் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் வரும், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து. எல்லா வருடமும் இது இருக்காது, அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் உள்ளிட்டவர்களுக்கு. வருட வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பொருந்தினால் முதலில் அதைத் தட்டுங்கள். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகை ஒரு வருடப் படிப்புக்கு மட்டும்தான், 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் நம் நாட்டில் இருக்க வேண்டும். ஊரிலேயே வேலை செய்ய நினைப்பவருக்கு அந்த நிபந்தனை ஒரு பாரமா என்ன?

எதுவும் அமையவில்லையென்றால் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2014 முதல் பொதுக் கொள்கையில் முதுகலை நடத்துகிறது. இதைத் தோற்றவர்கள் போகிற இடமாக நினைக்காதீர்கள். நம் சட்டம், நம் நிர்வாகம் பற்றி லண்டனில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

விண்ணப்பக் கட்டுரையில் உலக வறுமையை ஒழிக்கப் புறப்படாதீர்கள். மடைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்துக்கும் கடைமடைக்கும் நடக்கும் தகராறை உங்கள் நிறுவனம் எப்படித் தீர்த்தது, எங்கே தீர்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். அதை எழுத உங்களைப் போல வேலை பார்த்தவர்களால்தான் முடியும். பரிந்துரைக் கடிதம் இரண்டில் ஒன்று களத்தில் உங்கள் வேலையைப் பார்த்தவரிடமிருந்து இருக்கட்டும்.

சேருவதற்கு முன் பள்ளிக்கு மின்னஞ்சலில் மூன்று விஷயம் கேளுங்கள். கடந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது பள்ளியில் இடம் கிடைத்தது? இரண்டாவது வருடத்துக்கு ஏதாவது உதவி உண்டா? அந்த நாட்டில் ஒரே ஒரு வருடம் படித்தவருக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை விசா கிடைக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு வங்கிக்குப் போங்கள்.