சிகாகோவில் வாங்கும் ஆம்ப் கோத்தகிரியில் பாடுமா?

"அண்ணா, படிப்புக்காக சிகாகோ வந்திருக்கேன். மவுத் ஆர்கன்ல ப்ளூஸ் பழகுறேன். கையில 300 டாலர் இருக்கு. இங்க பழைய வால்வு ஆம்ப் நிறைய விலைக்கு வருது. ஒண்ணு வாங்கி, படிப்பு முடிஞ்சதும் கோத்தகிரிக்குக் கொண்டுபோயிடலாமா? எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, 300 டாலரில் ஏறத்தாழ 130 மைக்குக்கும், அதோடு சேரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கும், கேபிளுக்கும் போகட்டும். மீதியில் பேட்டரியில் ஓடும் ரோலண்ட் மைக்ரோ கியூப் மாதிரி ஒரு சின்ன ஆம்ப்பைப் பழையதாகவோ புதியதாகவோ பாருங்கள். வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஆசையில் தப்பில்லை. ஆனால் அங்கே மலிவாகக் கிடைக்கும் பழைய வால்வு ஆம்ப்பில் பெரும்பாலானவை நம் ஊர் பிளக் பாயிண்டில் நேராகச் செருகக்கூடாதவை. சில, எந்த ஊரிலும் செருகக்கூடாதவை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மைக். பெரும்பாலோர் ஆம்ப்பில் பணத்தைக் கொட்டிவிட்டு, கிடைத்த மைக்கைச் செருகிவிட்டு, "சத்தம் தகரம் மாதிரி இருக்கு" என்பார்கள். ஷூர் எஸ்எம்57 அல்லது எஸ்எம்58 போதும். நம் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர் எல்லாருக்கும் தெரிந்த மைக், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் இவை லோ இம்பீடன்ஸ் (மின்தடை குறைந்த) மைக்குகள். கிட்டார் ஆம்ப்பின் இன்புட் சுமார் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம். கிட்டார் பிக்கப்பை எதிர்பார்த்துச் செய்தது. மைக்கை வெறும் எக்ஸ்எல்ஆர்-டு-ஜாக் கேபிளில் (எக்ஸ்எல்ஆர் என்பது மைக்கின் மூன்று முள் கனெக்டர்) நேராகச் செருகினால் வோல்டேஜ் போதாது, சத்தம் மெலிந்து வரும். நடுவில் ஒரு இம்பீடன்ஸ் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். விரல் நீளத்தில், ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை கிட்டார் ஜாக் என்று இருக்கும். மைக்கின் வோல்டேஜைப் பத்து மடங்கு அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும். இதை மைக் பக்கம் மாட்டாமல் ஆம்ப் பக்கம் மாட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிந்தைய வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு 'உம்ம்' இரைச்சல் ஏறும்.

ப்ளூஸ்காரர்கள் கையில் பார்க்கும் உருண்டை மைக் ஷூர் 520டிஎக்ஸ், கிரீன் புல்லட் என்பார்கள். அது ஹை இம்பீடன்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், உடம்பிலேயே வால்யூம் திருகு உண்டு. நல்ல மைக்தான், முதல் மைக்குக்கு விலை அதிகம், சின்னக் கைக்குக் கனமும் அதிகம். பழைய அஸ்டாட்டிக் ஜேடி-30 கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள். அதன் அசல் உறுப்பு ரோஷெல் உப்புப் படிகம். ஈரம் பட்டால் கரையும், வெயிலில் நின்ற காருக்குள் விட்டால் கெடும். கோத்தகிரியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை துவைத்த துணியே காயாது; அந்தப் படிகம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஊளை. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கே திரும்பி வந்து கத்துவதுதான் ஃபீட்பேக். மவுத் ஆர்கனுக்கு ஆம்ப் தேர்வதில் பாதி வேலை இதை அடக்குவதுதான். கிட்டார் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும் எடுக்கும். மைக் காற்றைக் கேட்கும். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கி மூடும்போதுதான் அந்தக் கனத்த, கொஞ்சம் உடைந்த ப்ளூஸ் சத்தம் பிறக்கிறது. அதே மூடல் கைக்குள் ஒரு காற்றறையை உண்டாக்கி, ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் சத்தத்தைச் சில ஸ்வரங்களில் பெருக்கிவிடும். கிட்டார் ஆம்ப்போ மெலிந்த சிக்னலைப் பலமடங்கு ஏற்றவும், ட்ரெபிளைத் தூக்கவும் செய்தது. இரண்டும் சேர்ந்தால் வால்யூம் 2-ஐத் தாண்டுவதற்குள் 'கீ' என்று கத்தும். அதனால் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கூடின, டிஸ்டார்ஷன் சேனல் உள்ள, "மெட்டல்" என்று எழுதின ஆம்ப் எதுவும் நமக்கு வேண்டாம். ஒரே வால்யூம், ஒரே டோன் உள்ள எளிய ஆம்ப்தான் நல்லது. வாட் எண்ணை வைத்தும் மயங்காதீர்கள். 5 வாட் வால்வு ஆம்ப் அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரைக் கதவு தட்ட வைக்கும். ஸ்பீக்கர் 8 அல்லது 10 அங்குலம் இருந்தால் சொகுசு.

மைக்ரோ கியூப் ஜிஎக்ஸில் 5 அங்குல ஸ்பீக்கர், 3 வாட். ஆறு ஏஏ பேட்டரி போதும், எடை 3 கிலோவுக்குள். அதில் எட்டு விதமான ஆம்ப் ஒலி உண்டு. பெயரைப் பார்த்து "மைக்" நிலையில் வைக்கத் தோன்றும். அது பேச்சுக்கு ஏற்ற சுத்தமான ஒலி, ப்ளூஸ் கரகரப்பு வராது. "பிளாக் பேனல்" நிலையில் கெயினை 9 மணி திசையிலும் வால்யூமை மேலேயும் வையுங்கள். இன்னும் கரகரப்பு வேண்டுமானால் "பிரிட் காம்போ". அதற்கு மேல் போகும் நிலைகள் எல்லாம் ஊளைக்கு விதை.

கடைக்குப் போகும்போது உங்கள் மைக், டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஏ சுருதி (கீ) மவுத் ஆர்கன் மூன்றையும் எடுத்துப் போங்கள். லிங்கன் அவென்யூவில் உள்ள சிகாகோ மியூசிக் எக்ஸ்சேஞ்ச் மாதிரிப் பெரிய கடையானாலும், தெருமுனை அடகுக் கடையானாலும் சோதனை ஒன்றே. ரிவெர்ப் (எதிரொலி) பூஜ்யம், ட்ரெபிள் 3, பாஸ் 7, வால்யூம் பூஜ்யம். ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஸ்பீக்கரின் நேர்முகமாக இல்லாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். வாசிக்காமல், மைக்கை ஆர்கனோடு இறுக்கி மூடியபடி, கூட வந்தவரை வால்யூமை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஊளை ஆரம்பிக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு நூல் குறையுங்கள். அந்த இடத்தில் துளை 2-ஐ உள்ளிழுத்து வாசியுங்கள். சத்தம் கொழுத்து, ஓரத்தில் லேசாக உடைந்தால் ஆம்ப் தேறியது. 2-லேயே ஊளையிட்டால் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். 4, 5 வரை தாங்கினால் பரவாயில்லை. இன்புட் இரண்டு இருந்தால் 2-ஆம் எண்ணிலும் செருகிப் பாருங்கள். பழைய ஃபெண்டர் வழி ஆம்ப்களில் அது சிக்னலைப் பாதியாக்கும், ஊளை குறையும்.

வால்வு ஆம்ப்பில் இன்னொரு வழி உண்டு. இன்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் சின்ன வால்வு பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7. அதன் பெருக்கத் திறன் 100. அதே ஒன்பது காலில் உட்காரும் 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44, 12ஏயூ7-க்கு 20-ஐ ஒட்டி. பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, வால்வை லேசாக ஆட்டி மேலே இழுத்து, 12ஏஒய்7 போட்டால் ஊளை எல்லை நன்றாகத் தள்ளிப் போகும். இதற்கு பயாஸ் (வால்வின் இயக்க நிலையை அமைக்கும் வோல்டேஜ்) திருத்தம் தேவையில்லை. பெரிய பவர் வால்வுகளை மட்டும் நீங்களே மாற்றி விளையாட வேண்டாம். உள்ளே மின்தேக்கிகள் பிளக் எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் (15 வாட், 12 அங்குலம்) உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே. எப்போதாவது கையில் வந்தால் கெயினைக் கூட்டும் ஃபேட் சுவிட்சை அணைத்து, முதல் வால்வை மாற்றி வாசியுங்கள்.

இனி கரண்ட். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கோத்தகிரியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120-க்கு மட்டும் செய்த வால்வு ஆம்ப்பை நம் ஊரில் நேரே செருகினால் ஃபியூஸ் போவது நல்ல காலம்; ஃபியூஸ் தடித்ததாக இருந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே போகும். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கு அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதல் சூடாகும், உறுமும். இதனால்தான் 120 தரும் ஸ்டெப்-டவுனைவிட 110 தருவது இங்கே நல்லது. ஆம்ப் லேபிளில் எழுதின வாட்டைப் போல இரண்டு மடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) உள்ளதாக, இரும்புச் சுற்றுள்ள கனமானதாக வாங்குங்கள். ஹேர் டிரையருக்கு விற்கும் இலேசான "டிராவல் கன்வெர்ட்டர்" ஆம்ப்புக்கு ஆகாது. பின்பக்கம் 100/120/230 என்று வோல்டேஜ் தேர்வு சுவிட்ச் இருக்கும் ஆம்ப்புகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் 20, 30 டாலர் கூடக் கொடுக்கலாம்.

இரண்டு முள் பிளக் உள்ள பழைய சில்வர்டோன், கலமசூ பிராண்ட் ஆம்ப் வகையறாதான் பெரிய ஆபத்து. அந்தக் காலச் சின்ன ஆம்ப்கள் சிலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வீட்டு மின்சாரம் நேராக உள் தகட்டோடு உறவாடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவற்றிலும் மின்கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் மைக்கின் உலோக உடம்புக்கு மின்சாரம் வந்துவிடும். கிட்டார்காரர் விரலில் வாங்குவதை நாம் உதட்டில் வாங்குவோம். மவுத் ஆர்கனின் மேல் தகடும் உலோகம்தான், வாயும் ஈரம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததை வாங்கவே வேண்டாம். மற்றதை வாங்கினால் தெரிந்த டெக்னீஷியனிடம் மூன்று முள் வயர் போட்டு, அந்தக் கெப்பாசிட்டரை எடுத்து, பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும் மாற்றிய பிறகுதான் வாய் வைக்க வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்தால் மலிவு என்பது காணாமல் போகும்.

ஊரில் வீட்டு வயரிங்கையும் பாருங்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்க்கச் சொல்லுங்கள். சந்தையில் விற்கும் ஸ்டெப்-டவுன் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். மின்சாரத்தைப் பிரித்து வைக்காது, சிலவற்றில் எர்த் முள்ளும் உள்ளே தொடராது. அதையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் ஆம்ப்பை அணைத்துவிடுங்கள்; வந்த உடனே போடாமல் வோல்டேஜ் நிலைக்கும் வரை பொறுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டினால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும் ஊருக்கு பேட்டரி ஆம்ப் சொல்வதன் காரணம் இதெல்லாம்தான். அதன் அடாப்டர் லேபிளில் 100–240 என்று இருந்தால் முள் மாற்றி போதும். 120 மட்டும் என்றால், அதே வோல்ட், அதே துருவம் உள்ள அடாப்டரைக் கோயம்புத்தூரில் வாங்கிக்கொள்ளலாம்.

பனிக்குப் பாதுகாப்பு: ஆம்ப்பைச் சிமெண்ட் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். மேலே துணி உறை போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஆன் செய்து வைத்தால் உள்ளே காயும். வாசிக்காத மாதங்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மைக்கை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மவுத் ஆர்கன் வாங்கும்போது மரச் சீப்பு (துளைகள் உள்ள நடுப்பகுதி) உள்ளதைவிட ஹோனர் ஸ்பெஷல் 20 மாதிரி பிளாஸ்டிக் சீப்பு உள்ளது நம் மலைக்குத் தோது; ஊறி உப்பாது, உதட்டைக் கிழிக்காது.

விமானத்தில் வால்வு ஆம்ப் கொண்டுபோனால் வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று எழுதி, தனித்தனியாகச் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். அமெரிக்காவிலேயே ஒரு செட் உபரி வாங்கிவிடுங்கள், ஊட்டியிலோ குன்னூரிலோ கடையில் கேட்டால் கிடைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வந்ததும் உடனே செருக வேண்டாம். குளிரில் வந்த பெட்டி வீட்டுச் சூட்டில் உள்ளே வியர்க்கும். ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு மறுநாள் போடுங்கள்.

கிறிஸ்துமஸ் கேரல், கல்யாண ஆர்கெஸ்ட்ரா என்று ஊரில் மேடை கிடைத்தால் பெரிய ஆம்ப் தேவைப்படாது. உங்கள் சின்ன ஆம்ப்பை நாற்காலியில் வைத்து, அதன் முன்னால் சவுண்ட் சர்வீஸ்காரரின் மைக் ஒன்றை ஒரு சாண் தூரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அஹூஜாவோ எதுவோ, மண்டபத்தை நிரப்புவது அவர் பொறுப்பு. அவர் "நேரா ஒரு வயர் குடுங்க" என்றால் மைக்ரோ கியூபின் ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து கொடுக்கலாம். வால்வு ஆம்ப்பின் ஸ்பீக்கர் சாக்கெட்டிலிருந்து மிக்ஸருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சிகாகோவில் இருக்கும் வரை வீட்டு ஒப்பந்தத்தில் அமைதி நேரம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, அதற்கப்புறம் ஹெட்ஃபோனில் வாசியுங்கள். ஆர்மிட்டேஜ் அவென்யூவில் ரோசாஸ் லவுஞ்ச், ஹால்ஸ்டட் தெருவில் கிங்ஸ்டன் மைன்ஸ் போன்ற ப்ளூஸ் கிளப்களில் மேடையில் நிற்பவர் மைக்கை எப்படி மூடுகிறார், எந்த வரியில் கையைத் திறக்கிறார், ஆம்ப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இந்த வாரம் மைக், டிரான்ஸ்ஃபார்மர், 5 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் மூன்றை மட்டும் வாங்குங்கள். ஆம்ப் பிடித்துப்போனால் பணம் கொடுக்கும் முன் அதன் பின்பக்க லேபிளையும் பிளக்கையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் மூன்றும் தெளிவாகத் தெரியட்டும்.