வீட்டை அடகு வைப்பதற்கு முன் மகளின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து சென்ற வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். மகள் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் சிறப்பாகத் தேறியிருக்கிறாள். "இத்தனை ஏ எடுத்த பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்காமல் விட்டால் சொந்தபந்தம் என்ன பேசும்?" என்று கிள்ளானில் இருக்கும் சித்தப்பா நாள் தவறாமல் தொலைபேசியில் கேட்கிறார். மகளோ, சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கைக்கு உதவும்படி ஏதேனும் ஒன்றைத் தொடங்கி நடத்த வேண்டும் என்கிறாள். இதற்கென்று படிப்பு உண்டா, படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கும்போதே அந்த அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன.

பயப்படாதீர்கள் அம்மா, பிள்ளை கெட்டுப் போகவில்லை என்று அன்று சொல்லி அனுப்பினேன். ஆறுதல் அவ்வளவு போதும். குடும்பத்தின் சம்மதத்தோடும் பெயர்களைத் தவிர்த்தும், மற்ற பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். நம் நாட்டுத் தனியார் கல்லூரியில் மருத்துவம் படித்து முடிக்க மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகும். அதற்காக அப்பாவின் ஊழியர் சேமநிதியை எடுப்பது, மலிவு விலை வீட்டை அடகு வைப்பது, மீதிக்குக் கடன் வாங்குவது என்பதுதான் சித்தப்பா சொல்லும் திட்டம். ஐயா, இதற்கு நான் உடன்பட மாட்டேன். அந்தச் சேமநிதி, நாளை உங்கள் முதுகு லாரியில் உட்கார மறுக்கும்போது நீங்கள் இருவரும் சாப்பிட வேண்டிய சோறு. படிப்பு ஐந்தாண்டு, அதன் பிறகு பயிற்சி மருத்துவராக இரண்டாண்டு; அதோடு நிரந்தரப் பணி கையில் வந்துவிடும் என்ற காலமும் போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டு வந்ததையும், 2021 ஜூலை 26ஆம் நாள் அந்த ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்ததையும் உறவினர்கள் மறந்திருக்கலாம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிற நீங்கள் மறக்கக் கூடாது. உள்ளம் முழுவதும் மருத்துவத்தில் இருக்கிற பிள்ளையாக இருந்தால், அரசாங்கப் பல்கலைக்கழக இடத்திற்கு அவளோடு சேர்ந்து நானும் போராடியிருப்பேன். உங்கள் மகளின் உள்ளம் அங்கே இல்லை.

எங்கே இருக்கிறது என்பதை அவள் மேசைமேல் வைத்த நோட்டுப் புத்தகத்தில் பார்த்தேன். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, ஆறு பத்திகளாகப் பிரித்திருக்கிறாள்: வீடு, பெயர், எந்தக் கிளினிக், எந்தத் தேதி, வண்டிச் செலவு, போனாரா இல்லையா. ஒரு வரி இப்படி இருந்தது: "மூன்றாம் லயத்துப் பாட்டி, ஈப்போ மருத்துவமனை, கண், காலை 8, டாக்சி போக வர 80 வெள்ளி, போகவில்லை." (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.) அந்தக் கடைசிச் சொல் சிவப்பு மையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்புச் சொல் ஏழு இடங்களில் வருகிறது. பால்மரம் வெட்டியே தேய்ந்துபோன கைகளையுடைய முதியவர்கள், பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வண்டிக்குப் பணம் இல்லாமல் மருத்துவரின் தேதியைத் தவற விடுகிறார்கள்.

இதற்கு அவள் கண்ட வழிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவள் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை, வண்டியும் வாங்கவில்லை. கிளினிக்குகளுக்குத் தொலைபேசியில் பேசி, வெவ்வேறு நாளில் இருந்த நால்வரின் தேதிகளை ஒரே செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாள். மூவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நான்காமவருக்குத் தேதி ஏற்கனவே அன்றுதான். உரிமம் உள்ள ஒரு டாக்சியில் நால்வரும் சேர்ந்து போனார்கள். எண்பது வெள்ளி, தலைக்கு இருபது வெள்ளியாயிற்று. புதிதாக ஒரு காசு கூட உள்ளே வராமல், இருந்ததை வேறு மாதிரி அடுக்கியதாலேயே நான்கு பேருடைய வாழ்க்கையில் ஒரு சுமை இறங்கியிருக்கிறது. பதினேழு வயதில் இப்படி யோசிக்கிற பிள்ளையைப் பார்த்து, இது ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். இது வேலைதான். இதைச் செய்ய ஆள் இல்லாமல்தான் பல நல்ல எண்ணங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தோடு நின்றுபோகின்றன.

டாக்டராக இருந்தால்தான் ஊருக்கு உதவ முடியும் என்று சித்தப்பா சொல்வதாகக் கேள்விப்பட்டேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அவருக்கு நினைவூட்டுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பதினொரு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில், முடியாதவர்களுக்கும் அதே கண் அறுவை நடக்கும்படி அமைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை தடையாக இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே மலிவாகச் செய்துகொண்டார்கள். அங்கே கத்தி பிடித்தவர்கள் மருத்துவர்கள்தாம். ஆனால் நோயாளிகளைக் கிராமத்திலிருந்து கூட்டி வருவது, கட்டணத்தை வகுப்பது, நிர்வாகத்தை ஓட்டுவது ஆகியவற்றைக் கட்டியெழுப்பியதில் பெரும்பங்கு வகித்த துளசிராஜ் மருத்துவர் அல்லர், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தவர். இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவரின் உழைப்பு இவ்வளவு பேரைச் சென்றடைந்திருக்காது.

மதுரை வரை போவானேன், உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட அந்தத் தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் லயத்தை விட்டு வெளியே நின்றார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் அன்று அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். மரம் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். உங்கள் மகள் நான்கு பேரை ஒரு டாக்சியில் ஏற்றியதும் இந்த மரபில் வந்த காரியம்தான்.

இனி, படிப்பு. மற்ற வழிகளை எல்லாரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் நான் விரித்துச் சொல்கிறேன். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப்பணித் துறைக் கல்வியை நடத்தி வருகிறது. கெடா சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி நிர்வாகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. இந்தப் படிப்பில் மாணவர்களை நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் களப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஒரு குடும்பத்தின் சிக்கலைக் கேட்டு எழுதுவது, ஒரு வட்டாரத்தின் தேவையைக் கணக்கெடுப்பது, திட்டம் வரைவது, அது பலித்ததா என்று அளப்பது என அவள் நோட்டுப் புத்தகத்தில் தானாகத் தொடங்கியதை அங்கே முறையாகக் கற்றுக்கொள்வாள். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் ஆயிரக்கணக்கில் வருமே தவிர லட்சக்கணக்கில் வராது. அதுவரை ஆறாம் படிவம் போகட்டும். பொருளியலும் கணக்கியலும் கட்டாயம் எடுக்கட்டும். கணக்கு எழுதத் தெரியாத நல்லெண்ணம், முதல் ஆண்டிலேயே ஊர்ச் சண்டையாக மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பட்டம் பெற்றவர்களுக்குச் சமூகநல இலாகாவிலும், பெரிய அரசாங்க மருத்துவமனைகளின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவிலும், பொதுத்தொண்டு அமைப்புகளிலும் வேலை உண்டு. சம்பளம் நிபுணத்துவ மருத்துவரின் சம்பளத்துக்கு அருகில் வராது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாத அளவான சம்பளத்தில் ஒரு குடும்பம் நிம்மதியாக வாழ முடியும்.

மகளே, உனக்கும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கட்டமாக மாமாவின் வேனில் ஆட்களை ஏற்றித் தலைக்குப் பத்து வெள்ளி வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாய். செய்யாதே. உரிமம் இல்லாமல் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவது 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடும். வீடு வீடாகப் போய் நன்கொடை வசூலிக்கவும் காவல்துறையின் அனுமதி வேண்டும். இப்போதைக்கு டாக்சியே போதும். கூட்டம் பெருகினால், 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாகப் பதிவதா, 1993ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் கூட்டுறவாகப் பதிவதா என்று பார்ப்போம். ஊரார் சந்தா கட்டித் தங்களுக்குள் உதவிக்கொள்ளச் சங்கம் பொருந்தும்; உறுப்பினர்கள் பங்கு போட்டுத் தொழில் நடத்தி இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூட்டுறவு பொருந்தும். எதுவானாலும், அதன் பணம் ஒரு நாள் கூட உன் சொந்தக் கணக்கில் கிடக்கக் கூடாது.

ஐயா, பாட்டியின் அடுத்த தேதி வருகிற செவ்வாய்க்கிழமை என்று புத்தகத்தில் இருக்கிறது. அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்து, அந்த டாக்சியின் பின்னாலேயே உங்கள் மோட்டாரில் ஈப்போவுக்குப் போய், கண் கிளினிக்கின் வாசலில் உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.