தாலியும் மெழுகுவர்த்தியும்: டர்பனில் ரேடியாலஜி தொடங்கும் தங்கைக்கு

மதுரையில் எம்பிபிஎஸ் முடித்தாய், கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்று டர்பன் வந்தாய், பதிவு வேலைகள் இழுத்தடித்து ஒருவழியாக முடிந்து, ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்லும் துறை) ரெஜிஸ்ட்ராராக, அதாவது சிறப்புப் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. உன் கேள்விகள் மூன்று. பிளஸ் டூவோடு தலைமுழுகிய இயற்பியல் மறுபடி வந்து நிற்கிறதே, சூத்திரங்களை மனப்பாடம் செய்தால் முதல் கட்டத் தேர்வான பார்ட் ஒன் தேறிவிடலாமா? இங்கே பேசுவது பாதி புரியவில்லை, என்ன செய்வது? குழந்தைக்கு முயலும் நேரத்தில் கதிர்வீச்சில் வேலை வேண்டாம் என்று அம்மா தினமும் போனில் அழுகிறார், அவருக்கு என்ன சொல்வது? அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

மனப்பாடத்தைப் பற்றி நான் சொன்னால் கேட்டுக்கொள். அதைச் செய்து தோற்றவள் நான். பார்ட் ஒன்னில் முதல் தடவை அனாட்டமி தேறியது, இயற்பியல் போய்விட்டது. கேவியை (எக்ஸ்ரே டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) கூட்டினால் கான்ட்ராஸ்ட், அதாவது படத்தின் கறுப்பு வெள்ளை வித்தியாசம், குறையும் என்று எழுதத் தெரிந்தது. ஏன் குறைகிறது என்று நாலு வரி எழுதச் சொன்னபோது கை நின்றுவிட்டது. ஊரில் மாநில அளவில் மார்க் வாங்கியவள் தோற்றுவிட்டேன் என்று வீட்டுக்குச் சொல்லவே மூன்று வாரம் ஆயிற்று.

எனக்கு இயற்பியலைச் சொல்லிக்கொடுத்தது பேராசிரியர் இல்லை, படம் எடுக்கும் ஒரு ரேடியோகிராபர். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த பெரியவர். பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க ஆங்கிலம். கூட்டம் குறைந்த ஒரு மாலை, குடிக்கிற தண்ணீர் பாட்டில் ஒன்றையும் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த சமையல் எண்ணெய் பாட்டில் ஒன்றையும் சிடி மேஜையில் படுக்கவைத்தார். இரண்டு சாம்பல் வட்டங்கள் திரையில் வந்தன. மவுஸை என் கையில் கொடுத்து, அளந்து பாருங்கள் என்றார். தண்ணீர் 0-க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. எண்ணெய் -100-ஐ ஒட்டி. பாட்டிலுக்கு வெளியே காற்று -1000. "உங்கள் நோயாளியின் வயிற்றுக் கொழுப்பும் இந்த எண்ணெயும் ஒரே எண்தான் டாக்டர், சமோசாவிலிருந்து வந்ததுதானே" என்று சிரித்தார். சிடியின் இந்த எண் வரிசைக்குப் பெயர் ஹவுன்ஸ்பீல்ட் அளவை, அதை அதற்கப்புறம் நான் மறந்ததில்லை. கிட்னியில் ஒரு கட்டி, நடுவில் -80 என்று காட்டினால் அது கொழுப்பு, ஆஞ்சியோமயோலிப்போமாவை யோசி என்று கை தானாகப் போகிறது. இந்தப் பாடத்தை மேஜை முன்னால் படிப்பதை விடக் கன்சோல் முன்னால் நின்று படி என்று நான் சொல்வது இதனால்தான்.

ரவுண்ட்ஸில் இதயம் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று கன்சல்டன்ட் கேட்டு நீ முழித்ததாக எழுதியிருந்தாயே, அதற்கு உன் வீட்டிலேயே பதில் இருக்கிறது. கரண்ட் போகும் இரவில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கையைச் சுடர் பக்கம் கொண்டுபோ. சுவரில் நிழல் பூதம் மாதிரி பெருத்து, ஓரம் மங்கிப்போகும். கையைச் சுவர்ப் பக்கம் நகர்த்து. நிழல் சுருங்கி ஓரம் கூர்மையாகும். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. நிற்கவைத்து எடுக்கும் பிஏ படத்தில் (கதிர் முதுகில் நுழைந்து நெஞ்சில் வெளிவரும்) நெஞ்சு டிடெக்டரை ஒட்டி, எக்ஸ்ரே டியூப் 180 செ.மீ. தள்ளி. வார்டில் படுக்கையிலேயே எடுக்கும் ஏபி படத்தில் (கதிர் நெஞ்சில் நுழையும்) முதுகுதான் டிடெக்டர் பக்கம், டியூபும் ஏறத்தாழ 100 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடுகிறது. கை சுடர்ப் பக்கம் போன கதைதான். இந்தப் போர்ட்டபிள் படத்தைப் பார்த்துக் கார்டியோமெகலி (இதயம் பெருத்திருக்கிறது) என்று அவசரமாக எழுதி மாட்டிக்கொள்ளாதே.

இப்போது கேவி. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு பாட்டியின் தாலி. இருமலும் எடை குறைவுமாக வந்திருந்தார். இங்கே அப்படி ஒருவர் வந்தால் முதல் நினைப்பு டிபிதான், பார்க்க வேண்டிய இடம் நுரையீரலின் உச்சி. எக்ஸ்ரேயில் வலது உச்சியை மறைத்து வெள்ளையாக இரண்டு பொட்டுகள், பக்கத்தில் மணி மணியாக ஒரு கோடு. தாலியைக் கழற்றமாட்டேன் என்று பாட்டி அழுததால், இளம் ரேடியோகிராபர் அதைத் தோள் பக்கம் ஒதுக்கிவிட்டு எடுத்திருக்கிறாள். ஒதுக்கிய இடம்தான் சரியில்லை. நான் போய்ப் பாட்டியிடம் தமிழில் பேசினேன். அவருக்குப் பத்து வார்த்தைதான் தெரியும், ஆனால் 'தாலி' என்றதும் முகம் மாறியது. கழற்ற வேண்டாம் ஆயா, பின்கழுத்தோடு மேலே தூக்கி நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த படத்தில் உச்சி தெளிவாக இருந்தது. டிபியில் விழும் ஓட்டையும் இருந்தது.

தங்கம் ஏன் அப்படிப் பளீரென்று வெள்ளை? எக்ஸ்ரேயின் ஒரு துகள், அதாவது ஒரு போட்டான், உடம்புக்குள் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஓர் அணு அதை அப்படியே விழுங்கிவிடும், இது ஒளிமின் விளைவு. அல்லது எலெக்ட்ரானில் மோதித் திசைமாறிப் போகும், இது காம்ப்டன் சிதறல். விழுங்குவது அணு எண்ணின் மும்மடிக்கு ஏறும், போட்டானின் ஆற்றலின் மும்மடிக்கு இறங்கும். தசையில் மிகுந்த ஆக்சிஜனுக்கு 8, எலும்பின் கால்சியத்துக்கு 20. மும்மடி போட்டால் (8×8×8, 20×20×20) 512, 8000. எலும்பும் தசையும் இத்தனை வேறாகத் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். தங்கம் 79, அடர்த்தியும் தண்ணீரைப் போல் 19 மடங்கு. (இந்த மும்மடிக் கணக்கைத் தங்கத்துக்கு அப்படியே போட்டு எண் எழுதிவிடாதே. அதன் கே-விளிம்பு (உள்கூட்டு எலெக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான போட்டான் ஆற்றல்) 80.7 கேஇவியில் இருக்கிறது, அதற்குக் கீழே உள்கூட்டு எலெக்ட்ரான்கள் விளையாட்டில் சேராது. தேர்வில் கேட்பவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.)

காம்ப்டனுக்கு அணு எண் பற்றிக் கவலையே இல்லை. ஆக, கேவியை ஏற்ற ஏற்ற விழுங்கல் சரிகிறது, சிதறல் மிஞ்சுகிறது, எலும்புக்கும் தசைக்கும் உள்ள வித்தியாசம் மங்குகிறது. அன்று தேர்வில் நான் எழுதாமல் விட்ட நாலு வரி இதுதான். நெஞ்சுப் படத்தை 110-125 கேவியில் எடுப்பது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது: விலா எலும்புகள் மங்கட்டும், பின்னால் இருக்கும் நுரையீரல் தெரியட்டும். மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமுக்கு 30 கேவியை ஒட்டி இறங்குவதும் இதே கணக்குதான். அங்கே கொழுப்புக்கும் சுரப்பித் திசுவுக்கும் உள்ள மெல்லிய வித்தியாசம் வேண்டும், விழுங்கல் நடந்தால்தான் அது கிடைக்கும். ரத்தக் குழாயில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருக்கும் அயோடினின் கே-விளிம்பு 33.2 கேஇவி என்பதை இதோடு சேர்த்து வைத்துக்கொள். ரத்தக் குழாயைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோவில் கேவியை 120-லிருந்து 100, 80 என்று இறக்கினால் கதிரின் ஆற்றல் அந்த விளிம்பை நெருங்குகிறது, ரத்தக் குழாய் இன்னும் பளிச்சிடுவது அதனால்தான்.

அல்ட்ராசவுண்டுக்கு நீ பயப்படத் தேவையில்லை. ஒலி திசுவில் நொடிக்கு 1540 மீட்டர் போகிறது, நேராகப் போய் ஒருமுறை பட்டுத் திரும்புகிறது என்று மெஷின் நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது, ஆர்டிஃபாக்ட்கள் (படத்தில் வரும் பொய்த் தோற்றங்கள்) பலவும் அந்த நம்பிக்கைகள் பொய்க்கும் இடங்கள். இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக யோசி, வந்துவிடும்.

எம்ஆர்ஐயில் டி1, டி2 என்ற கணக்கெல்லாம் பிறகு பார்க்கலாம். இந்த நாட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. முன்பு நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒருநாள் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஏறுவதற்குள் ஒரு போர்ட்டர், நோயாளியின் கட்டிலோடு இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரையும் தள்ளிக்கொண்டு எம்ஆர்ஐ அறைக் கதவு வரை வந்துவிட்டார். விளக்கு இல்லை, மெஷின் சத்தம் இல்லை, அணைந்துதானே கிடக்கிறது என்று நினைத்திருக்கிறார். ரேடியோகிராபர் கத்திய கத்தலில் அவர் உறைந்து நின்றார். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் சிலிண்டர் குண்டு மாதிரி பறந்திருக்கும். காந்தம் கரண்டில் ஓடவில்லை, தங்கையே. சுற்றுக் கம்பி -269 டிகிரி திரவ ஹீலியத்தில் கிடக்கிறது. அந்தக் குளிரில் மின்தடையே கிடையாது, ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரே இருட்டானாலும் 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமை) 1.5 டெஸ்லாதான். கரண்ட் போனால் நிற்பது குளிரூட்டும் இயந்திரம், அப்போது ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். நிர்வாகத்தின் தலைவலி அது. உன் தலைவலி கதவு.

ஒரு கிளைக்கதை, இந்த நாட்டுக்குப் படிக்க வந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. சிடியின் கணக்குக்கு ஒரு வேர் இங்கேதான். 1956-ல் கேப் டவுனின் கிரூட் ஸ்கூர் மருத்துவமனையில் ஐசோடோப்புகளைக் கவனிக்க இயற்பியலாளர் ஒருவர் வேண்டியிருந்தது. ஜொஹானஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக் வாரத்துக்கு ஒன்றரை நாள் அங்கே போனார். கதிர்சிகிச்சைக்கு டோஸ் போடும்போது உடம்பு முழுவதும் ஒரே பொருளால் ஆனது போலக் கணக்கிடுவதைப் பார்த்து, உள்ளே எது எவ்வளவு தடுக்கிறது என்பதை வெளியிலிருந்தே அளக்க முடியாதா என்று யோசித்தார். அலுமினிய வட்டைச் சுற்றி மர வளையம் வைத்து, கோபால்ட் கதிரால் சோதித்தார். நடுவில் மட்டும் கணக்கு இடித்தது. விசாரித்தால், வட்டின் மையத்தில் சற்றே வேறு அலுமினியத்தில் ஒரு சிறு ஆப்பு இருந்திருக்கிறது! யாரும் சொல்லாததைக் கணக்கு கண்டுபிடித்துவிட்டது. 1963-லும் 64-லும் கட்டுரை வெளியிட்டார், சீண்டுவாரில்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று என்று பிறகு வேடிக்கையாகச் சொன்னார். 1979-ல், சிடி மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டோடு சேர்ந்து நோபல்.

இன்னொன்று லோடாக்ஸ். வைரச் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தொழிலாளி கல்லை விழுங்கியிருக்கிறானா என்று பார்க்க உருவான மெஷின் அது. தொழிலாளியைச் சந்தேகப்படப் பிறந்தது என்பதில் எனக்குக் கசப்புதான். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்பதால் டோஸைக் குறைத்தே தீர வேண்டியிருந்தது. மெல்லிய விசிறி மாதிரி ஒரு கதிரைத் தலை முதல் கால் வரை நகர்த்துகிறார்கள். ஒரு நேரத்தில் உடம்பின் ஒரு கீற்று மட்டுமே வெளிச்சம் பெறுவதால் சிதறல் டிடெக்டருக்கு வருவது மிகக் குறைவு. 13 நொடியில் முழு உடம்பு. இப்போது விபத்து நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. சிதறல் பற்றிக் கேட்டால், சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட்டோடு இதையும் எழுது.

பேச்சு விஷயம். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள்தான் இங்கே நம்மவர்கள். தமிழ் பேசமாட்டார்கள், ஆனால் புரட்டாசிக்கு மாதம் முழுக்கக் கறி தொடாதவர்கள் எத்தனையோ பேர், மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவார்கள். ஊரிலிருந்து வந்தவள் என்ற மிதப்போடு அவர்களுக்குத் தமிழ் திருத்தப் போகாதே. நான் போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன். உனக்கு இப்போது அவசரமாக வேண்டியது இங்குள்ள நோயாளிகள் பலர் பேசும் ஸூலு மொழி. "டோன்சா உமோயா" என்றால் மூச்சை இழு, "பாம்பா" என்றால் பிடி, "பெஃபுமுலா" என்றால் மூச்சு விடு. இந்த மூன்றும் வந்துவிட்டால் மூச்சு அசைந்து மங்கும் படங்கள் பாதியாகும். நுழைந்ததும் "சவுபோனா" சொல், வயதான பெண்களை "கோகோ" என்று கூப்பிடு, பாட்டி என்று அர்த்தம்.

கடைசியாக அம்மா. எனக்குப் பிறந்த ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட், அதற்குள் தோரியம். உலகச் சராசரியாக ஒரு மனிதன் இயற்கையிலிருந்து வாங்கும் கதிர் டோஸ் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். எங்கள் கரையில் சில இடங்களில் அதைவிடச் சில மடங்கு. அந்த மணலில் உருண்டுதான் வளர்ந்தேன். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.02, அதாவது மூன்று நாள் சும்மா இருந்தாலே கிடைப்பது. வயிற்று சிடி அப்படி இல்லை, எட்டிலிருந்து பத்து வரை போகும். நோயாளிக்கு எழுதும்போது யோசித்து எழுது. ஆனால் அது நோயாளிக்கு. படம் வாசிக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அதில் எதுவும் இல்லை. கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கு வரம்பு ஐந்து வருஷச் சராசரியில் ஆண்டுக்கு 20. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் மீதி மாதங்களில் சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை அமைக்க வேண்டும். முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் ஃபுளூரோஸ்கோபி (எக்ஸ்ரேயை வீடியோ மாதிரி ஓடவிட்டுப் பார்ப்பது) அறைதான். அங்கே கதிர் வருவது நோயாளியின் உடம்பிலிருந்து சிதறித்தான், ஆகவே ஓர் அடி பின்னால் தள்ளி நில். தூரம் இரட்டித்தால் டோஸ் கால் பங்கு, எந்தச் சூத்திரத்தை மறந்தாலும் இதை மறக்காதே. நான் இரண்டு பிள்ளைகளையும் இதே வேலையில் இருந்துகொண்டுதான் பெற்றேன் என்று அம்மாவிடம் சொல். நாள் தள்ளிப்போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிடு.

அப்புறம் நீ வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜ். ஈயக் கவுனுக்கு உள்ளே மாட்டு, வீட்டுக்குப் போகும்போது கழற்றி அதன் பலகையிலேயே வைத்துவிட்டுப் போ. என்னுடையது ஒருமுறை கோட்டுப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய், அந்த மாதக் கணக்கு என்ன ஆயிற்று என்று மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.